உங்களைப் பற்றியும் உங்கள் விழுமியங்கள் பற்றியும் எழுதச் சொன்னால் என்னத்தை எழுதுவது?

களுவாஞ்சிகுடி_96

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது, சொஃப்ட்வெயார் வேலையில் இது ஏழாவது வருடம். ஏ.எல். கணிதப் பிரிவில் எழுதி கம்பஸ் கிடைக்காமல் மட்டக்களப்பு டவுனில் ஒரு டிப்ளோமா முடித்துவிட்டுக் கொழும்புக்குப் போனவன். 2020 இல் கொவிட் நேரம் வெள்ளவத்தை அறையைக் காலி செய்துகொண்டு இரண்டு பையோடு ஊருக்கு வந்தேன், அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில்கூட பெரியப்பாவின் உழவு மெசின் பற்றரியில் ரவுட்டரைக் கொழுவி வேலையை ஒப்பேற்றினேன். அதில் ஒரு பெருமை எனக்கு உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

இப்போது வேலை மாறப் பார்க்கிறேன். வெளிநாட்டுக் கொம்பனி, வீட்டிலிருந்தே செய்யலாம். கோடிங் சோதனை முடிந்தது, அதில் பிரச்சினை இல்லை. அடுத்ததாக, நீங்கள் யார், உங்கள் தனிப்பட்ட விழுமியங்கள் எவை என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டு இரவு இருந்து எழுதினேன். நேர்மை, கடின உழைப்பு, குழுவோடு சேர்ந்து இயங்குதல், தொடர்ந்து கற்றல், வாடிக்கையாளர் நலன். காலையில் எழும்பி வாசித்தால் பிரதேச சபைத் தேர்தலுக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கிற துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது. படம் மட்டும்தான் குறை.

ஆனால் உண்மையான சிக்கல் அது இல்லை. முதல் சொல்லிலேயே கை நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முதல், தனியாக எடுத்துச் செய்த வேலை ஒன்று. நம்மட பக்கத்து ஒரு சின்ன நிதி நிறுவனம், பெயர் வேண்டாம். அவர்களிடம் இருந்தது கொப்பியில் எழுதிய அங்கத்தவர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும்தான், பிறந்த திகதி இல்லை. பிறந்தநாளுக்கு எஸ்எம்எஸ் வாழ்த்துப் போக வேண்டும் என்றார்கள். அட்டை இலக்கத்திலிருந்தே திகதியை எடுக்கலாமே என்று நான்தான் சொன்னேன். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நாலு இலக்கம். எழுதி முடித்து என்னுடைய அட்டையைப் போட்டுப் பார்த்தேன், சரி. தங்கச்சியுடையதைப் போட்டேன், 500 ஐக் கழித்து அதுவும் சரியாக வந்தது. கொடுத்துவிட்டேன்.

வாழ்த்தைத் தமிழில் அனுப்ப வேண்டும் என்று அவர்களோடு வாதாடியதும் நான்தான். ஆங்கிலத்தில் என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துப் போகும், தமிழ் என்றால் 70 தான், தாண்டினால் இரண்டு மெசேஜுக்குக் காசு. ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்பது கண்ணுக்கு 12 எழுத்து, மெசின் எண்ணினால் விசிறி, அரவு, குற்று, இடைவெளி எல்லாம் சேர்ந்து 22. ஒவ்வொரு எழுத்தாக நெருக்கி, நிறுவனத்தின் பெயரோடு 70 க்குள் அடக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பெரியம்மா, அவவும் அங்கே அங்கத்தவர், போனைக் காட்டிச் சிரிக்கிறா. “நேத்துத்தான் மனே எனக்குப் பொறந்தநாள். உன்ட கொம்பியூட்டரும் உன்னப்போல பிந்தித்தான் எழும்புது.”

போய்த் தேடினால்தான் விளங்கியது. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள். நெட்டாண்டோ (லீப் வருடமோ) இல்லையோ, மார்ச் 1 என்றால் எப்போதும் 61. நான் சாதாரண நாட்காட்டி மாதிரி எண்ணியிருக்கிறேன், அதனால் நெட்டாண்டில் பிறக்காத, பெப்ரவரிக்குப் பிந்திப் பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. என்னுடையதும் தங்கச்சியுடையதும் ஏன் சரியாக வந்தது? நான் 1996, அவள் 2000. இரண்டுமே நெட்டாண்டு!

அன்றிரவே திருத்திப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என்ன திருத்தினாய் என்று எழுதும் இடத்தில் ‘சின்னத் திருத்தம்’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் படுத்தேன். கோடிங்கில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டில் (Git) அது இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. நேர்மை என்று தட்டச்சு செய்யப் போனால் அந்த இரண்டு சொல்லும்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதியவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

தறிக்காரி_மகள்

தம்பி, நான் மருதமுனை. பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதிய சொஃப்ட்வெயாரில் பிழை பிடிக்கிறதுதான் என் வேலை, அதனால் முதலில் உங்கட கேள்வியிலேயே ஒரு பிழை பிடிக்கிறேன். இரண்டு அட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று கொடுத்தது சோதனையே இல்லை. வீட்டில் இருக்கிற ஆட்களை வைத்துச் சோதித்தால் வீட்டு ஆட்களுக்குத்தான் வேலை செய்யும். வாப்பாவுடையது, உம்மாவுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது என்று பத்து அட்டையாவது போட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

அது போகட்டும். நீங்கள் எழுதின ஐந்து சொல்லையும் அழித்துவிடுங்கள், எல்லாரும் எழுதுவது அதுதான். உங்கட கேள்விக்குள்ளேயே அறிமுகம் இருக்கிறது. வாழ்த்தை 70 க்குள் அடக்கப் பாடுபட்ட ஆள் நீங்கள். அதை வாசிக்கிறவனுக்கு இந்த ஆளுக்கு எது முக்கியம் என்று விளங்கிவிடும், அதற்குமேல் ‘தாய்மொழிப் பற்று’ என்று தலைப்புப் போடத் தேவையில்லை.

நான் எழுதினபோது செய்தது இதுதான். போன வருடம் டியூசன் சென்டர் ஒன்றுக்குப் பிள்ளைகளைப் பதிகிற படிவம் செய்து கொடுத்தேன். தாய் தகப்பன் இரண்டு பேருடைய அடையாள அட்டை இலக்கமும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்டால், “சும்மா இருக்கட்டுமே ராத்தா” என்கிறார்கள். சும்மா இருக்கிறதற்கு அது என்ன பழைய கதிரையா? அந்த இலக்கத்தைப் பார்த்தால் ஒருவருடைய பிறந்த திகதியும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும், நீங்களே அதை வைத்துத்தானே வாழ்த்து அனுப்பினீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது, அதையும் சொன்னேன். தேவையில்லாததைக் கேட்கும் படிவத்தை நான் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்ற இரண்டு பெட்டியையும் எடுத்துவிட்டேன். நம்மட ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர், வாப்பாவின் பெயரைக் கொண்டுபோய் அதில் போடுவதும் பிறகு கடிதம் முழுக்க வாப்பாவின் பெயருக்கே வருவதும்! ஒரு கிழமை இழுபறிப்பட்டு அட்டை இலக்கத்தை விட்டார்கள், போன் இலக்கம் மட்டும் போதும் என்றாகியது. என் பக்கத்தில் இந்தக் கதையை ஆறு வரியில் எழுதினேன். விழுமியம் என்ற சொல்லே அதில் இல்லை.

வீட்டில் தறி இருந்த காலத்தில் பாவில் ஒரு இழை அறுந்தால் வாப்பா அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முடிந்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். நெய்துகொண்டே போகலாம்தான், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தரம் துவைத்தால் தெரியும்.

கோட்டை_இரவு_ரயில்

நான் அக்கரைப்பற்று, வேலை கொழும்பில். ஆட்களைத் தெரிவு செய்கிற பக்கம் நாலு வருடமாக இருக்கிறேன். ராத்தா சொன்னதில் பாதி சரி, மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பி, ஒரு நாளைக்கு இப்படி ஐம்பது பக்கம் வாசிக்கிறவன் முதல் பந்தியில் “நான் ஒரு பிழை விட்டேன், மறைத்தேன்” என்று கண்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். நல்லவன் கெட்டவன் என்று பார்த்து இல்லை, அவனுக்கு நேரம் இல்லை. முதலில் என்ன கட்டினீர்கள், அதை யார் பாவிக்கிறார்கள், தனியாகச் செய்தீர்களா குழுவோடா என்று எழுதுங்கள். பற்றரியில் ரவுட்டர் ஓட்டினதை எழுதுங்கள், அது நல்ல கதை. நெட்டாண்டுக் கதையை இன்டர்வியூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். “நீங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லுங்கள்” என்று எப்படியும் கேட்பார்கள். அந்த இடத்தில் நம்மட ஆட்கள் நூறு பேரில் தொண்ணூறு பேர், “நான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்துவிடுவேன், அதுதான் என் குறை” என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. (தொண்ணூறு என்பது என் வயிற்றெரிச்சல் கணக்கு, எண்ணிப் பார்க்கவில்லை.)

இன்னொன்று. மனச்சாட்சி உறுத்துகிறது என்பதற்காக வேலை விண்ணப்பத்தில் பாவமன்னிப்புக் கேட்க வேண்டாம். அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

சம்மாந்துறை_மூன்றாம்_வருடம்

அண்ணா, நான் இன்னும் படிக்கிற ஆள், பிரயோக விஞ்ஞான பீடம். அறிமுகம் எழுதுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உங்கட கணக்கை வாசித்துவிட்டு நானும் எழுதிப் பார்த்தேன். ரெண்டு சந்தேகம், பிழையாக எடுக்க வேண்டாம்.

எல்லா வருடத்துக்கும் 366 நாள் என்றால் டிசம்பர் 31 இல் பிறந்தவருடைய இலக்கம் 366 தானே. சாதாரண வருடத்தில் 366 ஆவது நாளே இல்லை. உங்கட பழைய கணக்கு அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? என்னுடையதில் அடுத்த வருடம் ஜனவரி 1 என்று வருகிறது, அப்படியென்றால் பிறந்த வருடமே மாறுகிறதே.

மற்றது, நீங்கள் திருத்தினது கணக்கை. ஏற்கெனவே கணக்குப் பண்ணிச் சேமித்து வைத்த திகதிகளையும் திருத்தினீங்களா? அந்த நிறுவனத்துக்கு இது இன்றைக்காவது தெரியுமா?

கோட்டை_இரவு_ரயில்

மேலே எழுதின தம்பி படிப்பு முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடவும். பகிடியில்லை.

கரும்பலகை

நான் சொஃப்ட்வெயார் ஆள் இல்லை. மட்டக்களப்பில் முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வெடுத்தவன், பேரப்பிள்ளை போனில் திறந்து தந்தபடியால் வாசித்தேன்.

இந்தத் தம்பிக்குக் கை ஓடாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னைப் பற்றித் தானே சொல்வது நம்மட பக்கத்தில் பழக்கத்தில் இல்லாத காரியம். நான் சிறுவனாக இருந்தபோது படுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் போனால் எவடம், ஆருட மகன், என்ன குடி என்று வரிசையாகக் கேட்பார்கள். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது, அதனால் அம்மாவின் ஆட்களைச் சொன்னால் போதும், நம்மைப் பற்றி அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். நீ யார், உனக்கு எது முக்கியம் என்று ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை. அந்த விசாரணையில் சாதி, குடி, வழக்கு என்று வேண்டாத சங்கதிகளும் கிடந்தன, அது ஒழிகிறது என்றால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அதற்குப் பதிலாக வந்த கேள்விக்கு நம்மிடம் சொல் இல்லை, ஆகவே பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துப் போடுகிறோம். விழுமியம் என்ற சொல்லையே நான் பாடசாலைக்கு வெளியே ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் செய்யுங்கள். முதலில் அதைத் தமிழில் எழுதும். அதுவும் அந்தப் பெரியம்மாவுக்கு எழுதுகிற மாதிரி எழுதும். நீர் நேர்மையானவர் என்று அவவுக்கு எழுதுவீரா? சிரிப்பா. என்ன செய்தீர் என்றுதான் எழுத வேண்டி வரும். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றலாம். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்துவிட்டுத்தான் தமிழ்ப் பேராசிரியரானவர், இரண்டு பக்கமும் நின்று யோசிப்பது நம்மட ஊருக்குப் புதிதில்லை.

சம்மாந்துறைப் பிள்ளையின் கேள்விக்குப் பதிலைக் காணவில்லையே?

களுவாஞ்சிகுடி_96

பதில் பிந்தினதற்கு மன்னிக்கவும். பெரியம்மா சொன்னது சரிதான் போல.

தம்பி, உங்கட கேள்வியை வாசித்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. சேமித்த திகதிகளை நான் திருத்தவே இல்லை. வாழ்த்து அனுப்புகிற கணக்கை மட்டும் திருத்தியிருக்கிறேன், முதல் இரண்டு மாதத்தில் பதிந்த ஆட்களின் திகதி பட்டியலில் பழையபடியே இருக்கிறது. அதில் இரண்டு பேர் டிசம்பர் 31. நீங்கள் சொன்னபடியேதான், அடுத்த வருடம் ஜனவரி 1 இல் பிறந்தவர்களாக இருக்கிறார்கள். அந்த நிறுவனம் கடனுக்கு வயது பார்க்கிற அறிக்கை ஒன்று பிறகு வேறு ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார், அது இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழித்து வயது எடுக்கிறது. ஆக அந்த இரண்டு பேருக்கும் ஒரு வயது குறைவு.

திங்கட்கிழமை போனேன். மெயில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்துக்கு மெயில் எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். நான் வேலை செய்து கொடுத்த காலத்தில் இருந்த முகாமையாளர் மாறிப் போய்விட்டார். புதிதாக இருக்கும் மெடத்துக்கு நெட்டாண்டை விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் போனது. கோபிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. “சரி, எந்தெந்த ஆட்கள் என்று பட்டியல் எடுத்துத் தாங்க, அட்டைப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேணும்” என்றா. பிறகு, இதற்குக் காசு கேட்பீங்களா என்றா. இல்லை என்றேன். இந்த வார இறுதியும் அடுத்த வார இறுதியும் அதுதான் வேலை. அந்த இரண்டு பேருக்கும் இதனால் எதுவும் தவறிப் போகவில்லை என்பதைப் பார்த்துவிட்டோம், இல்லாவிட்டால் இதை இவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டேன்.

கரும்பலகை சேர் சொன்னபடி பெரியம்மாவுக்கு எழுதுகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். இதுதான் வந்தது, ஆங்கிலத்துக்கு மாற்றி நேற்று அனுப்பியும் விட்டேன்:

“நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். ஏழு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன், பெரும்பாலும் சின்ன நிறுவனங்களுக்கு, கொம்பியூட்டரில் பழக்கமில்லாத ஆட்கள் பாவிக்கிற மாதிரி. அவர்கள் வாசிக்கிற மொழியில் எழுதிக் கொடுப்பதற்கு நேரம் செலவழிப்பேன், 70 எழுத்துக்குள் ஒரு தமிழ் வாழ்த்தை அடக்க ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன். கரண்ட் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கொடுக்கப் பார்ப்பேன், முடியாது என்றால் முதல் நாளே சொல்வேன். என் வேலையில் பிழை வந்திருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது. கேட்டால் முழுக்கச் சொல்கிறேன்.”

கோட்டை அண்ணன், கடைசி மூன்று வசனமும் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். எடுத்துவிட்டுப் பார்த்தேன், மிச்சம் வேறு யாரோ எழுதினது மாதிரி இருந்தது.

கோட்டை_இரவு_ரயில்

பிடிக்கவில்லைதான். ஆனால் என் மேசைக்கு வந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன், அந்த மூன்று வருடக் கதையைக் கேட்கிறதற்காகவே. வேலை கிடைக்குமா என்பது வேறு விசயம், அது அவர்களுடைய குணத்தைப் பொறுத்தது. என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

தறிக்காரி_மகள்

பட்டியலை ஒப்பிடும்போது பெப்ரவரி 28, 29, மார்ச் 1, டிசம்பர் 30, 31 இந்த ஐந்து நாளிலும் ஆணும் பெண்ணுமாகப் போட்டுப் பாருங்கள் தம்பி. பழைய அட்டையிலும் பாருங்கள், புதிய அட்டையிலும் பாருங்கள். அந்த ‘சின்னத் திருத்தம்’ கிடக்கட்டும், அழிக்க வேண்டாம். இப்போது செய்கிற திருத்தத்துக்கு என்ன நடந்தது என்று முழுக்க எழுதிப் போடுங்கள்.

சம்மாந்துறை_மூன்றாம்_வருடம்

அண்ணா, பட்டியல் வேலைக்கு ஆள் தேவை என்றால் நானும் வாறேன், சனிக்கிழமை எனக்கு விரிவுரை இல்லை. அங்கத்தவர் பெயர் ஒன்றும் எனக்குக் காட்டத் தேவையில்லை, இலக்கம் சரியா பிழையா என்று பார்க்கிற கோடிங்கை மட்டும் நான் எழுதித் தரலாம்.

கரும்பலகை

இதையெல்லாம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் கிடந்த என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான் 1958, மே 2. விரல் விட்டு எண்ணினால் 122 ஆவது நாள், அட்டையில் 123 என்று இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நெட்டாண்டும் சாதாரண ஆண்டும் படிப்பித்தவன், சட்டைப்பையில் கிடந்ததை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. மனைவியின் அட்டையையும் பார்க்கப் போனேன், அவவுடைய வயது எனக்கு எதற்கு என்று தரமாட்டேன் என்கிறா.